மீட்கப்பட்ட கிளிகளின் தீனியும் கல்லீரலும்: உங்கள் அனுபவம் என்ன?

செம்பூரிலிருந்து:

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் பிறர் கொடுத்துவிடும் வெளிநாட்டுக் கிளிகளை நானும் என் கணவரும் மும்பையில் சில ஆண்டுகளாகப் பராமரித்து, நல்ல இடம் பார்த்துக் கொடுத்து வருகிறோம். காக்கட்டீல், சன் கான்யூர், எப்போதாவது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என்று வரும். அடிபட்டு வருபவை குறைவு, பட்டினி கிடந்து வருபவை அதைவிடக் குறைவு. நன்றாகத் தின்றே நோயில் விழுந்தவைதான் அதிகம். "ஒரு குறையும் வைக்கவில்லை, கேட்டதையெல்லாம் கொடுத்தோம்" என்று கொண்டுவருபவர்கள் கண் கலங்கச் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. கிளி கேட்டது சூரியகாந்தி விதை, அவர்கள் கொடுத்ததும் அதையே.

சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். வேர்க்கடலையும் பாதாமும் கிட்டத்தட்ட அப்படித்தான். காலையிலிருந்து மாலை வரை பறந்து இரை தேடும் பறவைக்கு அந்த எண்ணெய் செலவாகிவிடும். சிறகு வெட்டப்பட்டு, இரண்டடிக் கூண்டில் உட்கார்ந்தே கிடக்கும் பறவைக்கு அது கல்லீரலில் கொழுப்பாகப் படிகிறது. போதாக்குறைக்கு விதைகளில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் மிகவும் குறைவு. அதனால் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பறவை உள்ளே சத்துக் குறைந்து வாடிக்கொண்டிருக்கும்.

போன மழைக்காலத்தில் குர்லாவிலிருந்து ஒரு காக்கட்டீல் வந்தது. 90 கிராம் அளவில் இருக்க வேண்டிய பறவை, சமையலறைத் தராசில் 132 காட்டியது. மார்பின் நடுவே விரலில் தட்டுப்பட வேண்டிய எலும்பு, இரு பக்கச் சதையிலும் புதைந்து போயிருந்தது. மேல் அலகு நீண்டு வளைந்து, அதன் நடுவில் கருஞ்சிவப்பாக இரண்டு புள்ளிகள். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. கூண்டின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துவைத்துப் பார்த்தோம். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: பச்சையோ பழுப்போ ஆன மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர். இந்தப் பறவைக்கு அந்த வெள்ளைப் பகுதி எலுமிச்சைப் பச்சையாக இருந்தது.

இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். நமக்குக் கல்லீரல் கெட்டால் கண் மஞ்சளாகும். பறவைகளின் பித்தத்தில் இருப்பது பெரும்பாலும் பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி. ஆகவே கண்ணில் மஞ்சள் தெரியும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். அது எச்சத்தின் வெள்ளையில்தான் பச்சையாகத் தெரியும். ஆனால் புதிதாக விழுந்த எச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். நேரமானால் மலத்தின் நிறமே வெள்ளையில் ஊறிவிடும்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். நலமான கிளியின் படத்தில் இதயமும் கல்லீரலும் சேர்ந்த நிழல் உடுக்கைபோல நடுவில் ஒடுங்கியிருக்கும். இதன் படத்தில் அந்த இடுப்பையே காணவில்லை. இரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவும் உயர்ந்திருந்தது.

இனி நான் மனதார வேண்டிக்கொள்ளும் ஒரு விஷயம். இப்படி ஒரு பறவை உங்கள் கைக்கு வந்தால், அன்றே விதையை நிறுத்திவிட்டுப் பெல்லட்டும் (சத்துகளைச் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கி விற்கும் தீனி) காய்கறியும் வைத்துவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து விதையை மட்டுமே பார்த்த கிளிக்கு மற்றவை உணவு என்றே தெரியாது. நிறைந்த கிண்ணத்தின் பக்கத்திலேயே அது பட்டினி கிடக்கும். பட்டினி கிடந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கே வரும். ஏற்கெனவே திணறும் கல்லீரல் அதோடு படுத்துவிடும். குண்டான பறவைக்குத் திடீர்ப் பட்டினி, மெலிந்த பறவைக்கு இருப்பதைவிட ஆபத்தானது.

நாங்கள் செய்வது இதுதான். விதையை அளந்து காலையும் மாலையும் மட்டும் வைக்கிறோம். நடுவில் பெல்லட்டும், பொடியாக நறுக்கிய பரங்கிக்காய், கேரட், முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறும் தட்டையான தட்டில் தூவி வைக்கிறோம். பக்கத்துக் கூண்டில் அதையே தின்னும் வேறொரு பறவை இருந்தால் பாதி வேலை முடிந்தது, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு விரைவாகக் குறைந்தாலோ, எச்சம் திடீரென்று குறைந்தாலோ, பழைய தீனிக்கே திரும்பிவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்தக் காக்கட்டீலுக்கு முழு மாற்றம் வர மாதங்கள் ஆயின. இப்போது 98 கிராமில் நிற்கிறது, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பறக்கிறது.

உங்களிடம் வந்த பறவைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

முலுண்டிலிருந்து:

அலகைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. என் அண்ணன் வீட்டுக்கு வந்த சாம்பல் கிளியின் முந்தைய சொந்தக்காரர், அலகு நீளும்போதெல்லாம் ஒரு பறவைக் கடையில் கொண்டுபோய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கடைக்காரரும் நகத்தையும் சேர்த்து வெட்டிக் காசு வாங்கியிருக்கிறார். "ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது?" என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கடைசியாக வெட்டியபோது நகத்திலிருந்து இரத்தம் நிற்கவே இல்லையாம். அதில் பயந்துதான் பறவையைக் கொடுத்துவிட்டார்.

இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்வதும் கல்லீரல்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கியது. அலகு தாறுமாறாக வளர்வது, நகத்திலும் அலகிலும் கருந்திட்டு, வெட்டினால் நிற்காத இரத்தம், எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்த செய்தி. வெட்டி வெட்டி அந்தச் செய்தியை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தக் கிளியை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் ஆறவில்லை.

டோம்பிவிலியிலிருந்து:

கொழுப்பு மட்டும் அல்ல, பூஞ்சையும் இருக்கிறது. நம் ஊர் ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், துவைத்த துணியே காயாது. அந்த ஈரத்தில் மூட்டையாக வாங்கிவைத்த வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் நேராகக் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு.

நான் தானிய வியாபாரத்தில் இருப்பவன், அதனால் இதன் வரலாறு தெரியும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. கல்லீரல்கள் அழிந்திருந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு பிடிபட்டது. அஃப்ளாடாக்சின் என்ற ஒன்று உலகுக்குத் தெரியவந்ததே அப்படித்தான். பறவைகள் உயிரைக் கொடுத்துக் காட்டிய நஞ்சை நாம் மறுபடியும் பறவைக்கே கொடுக்கக் கூடாது. கழுவினால் போகாது, வறுத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கிய கடலை, நிறம் மாறிய கடலை, காறல் வாடை அடிக்கும் கடலை இருந்தால் அந்தப் பொட்டலத்தையே தூக்கி எறியுங்கள். மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் எந்த விதையும் வாங்காதீர்கள்.

மாட்டுங்காவிலிருந்து:

எங்கள் கட்டடத்தில் ஒரு வயதான தம்பதி பச்சைக்கிளி வளர்த்தார்கள். காலையில் காபியில் நனைத்த பிஸ்கட், மத்தியானம் உப்புப் போட்ட தயிர் சாதம், சாயங்காலம் வறுத்த கடலை. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "எண்ணெய்ப் பண்டம் ஒன்றுமே கொடுக்கவில்லையே, கல்லீரலில் எப்படிக் கொழுப்பு வந்தது?" என்று மாமி என்னிடம் கேட்டார். கடலையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பறவைகளின் உடலில் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலிலேயே நடக்கிறது. சோறும் பிஸ்கட்டும் அங்கேதான் கொழுப்பாகின்றன. காபியில் இருக்கும் கஃபீன் கிளிக்கு நஞ்சு, உப்பும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். மாமா உடல்நலம் குன்றிய பிறகு, வனத்துறையின் 1926 உதவி எண்ணில் பேசி முறைப்படி ஒப்படைத்தோம். சிலர் புண்ணியம் என்று நினைத்து மொட்டை மாடியில் கூண்டைத் திறந்துவிடுகிறார்கள். கல்லீரல் வீங்கிய, பறக்கப் பழகாத கிளியைக் காக்கைகள் அரை மணி நேரம்கூட விட்டுவைக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பச்சை மிளகாய் கொடுக்கலாமா என்று மாமி கேட்டிருந்தார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூரிலிருந்து:

மாமியிடம் தாராளமாகச் சொல்லுங்கள், மிளகாய் நல்லது. பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. சிவந்த மிளகாயில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து நிறைய. பாட்டிமார் கொடுத்துவந்த தீனியில் மிளகாயும் கொய்யாவும்தான் மிகச் சரியானவை.

ஒன்றைச் சேர்க்க மறந்துவிடக் கூடாது. எச்சம் பச்சையானால் தீனிதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கிளிக்காய்ச்சல் என்னும் கிருமித்தொற்றிலும் கல்லீரல் வீங்கும், எச்சத்தின் வெள்ளை இதே பச்சையாகும். அது மனிதருக்கும் தொற்றும், நிமோனியா வரை கொண்டுபோகும். புதிதாக வந்த பறவையைத் தனி அறையில் வையுங்கள். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணிந்து, காய்ந்த எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்த பிறகே தாளை எடுங்கள். உங்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சயானிலிருந்து:

எங்களிடம் நேற்று ஒரு சன் கான்யூர் வந்திருக்கிறது. அலகு நீங்கள் எல்லோரும் சொல்வதைப் போலவே இருக்கிறது. வீட்டில் மனிதர்களுக்கான கல்லீரல் டானிக் இருக்கிறது. பறவை மருத்துவரைப் பார்க்க நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை இரண்டு சொட்டுக் கொடுக்கலாமா?

செம்பூரிலிருந்து:

வேண்டாம். கல்லீரல் நோய்க்கு மருத்துவர்கள் சிலிமாரினும் லாக்டுலோஸும் கொடுப்பதுண்டு, ஆனால் பறவையின் எடையைக் கிராமில் கணக்கிட்டுத்தான் கொடுப்பார்கள். நமக்கான டானிக்குகளில் சர்க்கரையும் சிலவற்றில் ஆல்கஹாலும் இருக்கும். நூறு கிராம் பறவைக்கு இரண்டு சொட்டு என்பது சின்ன அளவே அல்ல. மேலும், வாயைத் திறந்து ஊற்றும்போது அது மூச்சுக்குழாயில் போய்விடலாம்.

இரண்டு நாளும் அது தின்றுகொண்டிருந்த தீனியையே கொடுங்கள். நகத்தையும் அலகையும் தொட வேண்டாம். குளிர்காற்று நேரே வீசாத, கதகதப்பான, அமைதியான இடத்தில் கூண்டை வையுங்கள், தேவையில்லாமல் கையில் பிடிக்காதீர்கள். காலையில் எடையை எழுதிவையுங்கள். புது எச்சத்தை வெள்ளைத் தாளில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீனியில் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், பூஞ்சை இருக்கிறதா என்று அவரும் பார்க்கட்டும். வால் ஆட மூச்சு வாங்கினாலோ, தீனியைத் தொடாமல் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ நாளை மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், உடனே பரேலில் உள்ள விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.