104 கிலோ, ஏ1சி 8.4: கத்தியா, ஊசியா?

வாய்க்கால்:
விவாதத்துக்கு ஒரு கேஸ். பெண், வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. பிஎம்ஐ (உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் குறியீடு) 41.7. சுகர் வந்து 6 வருடம். மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. ஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர் அளவு) 8.4. ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல். பலமான குறட்டை, தூக்கப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. டாக்டர் ஸ்லீவ் (இரைப்பையைக் குறைக்கும்) அறுவை செய்துகொள்ளச் சொல்கிறார். போகலாமா, எடை குறைக்கும் ஊசி போதுமா? "எங்க சித்தப்பா பையனுக்கு" கதைகள் வேண்டாம். விவரம் வைத்துச் சண்டை போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
போகலாம். பிஎம்ஐ 41.7இல் இருந்து நடையாலும் டயட்டாலும் மட்டும் 30க்கு இறங்கி அங்கேயே நிற்பவர்கள் அபூர்வம். சோம்பேறித்தனம் இதற்குக் காரணம் இல்லை. எடை இறங்க இறங்க உடம்பு பசியைக் கூட்டும், தான் எரிக்கும் கலோரியைக் குறைக்கும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் அதிகம் சுரப்பது வெட்டுப்படும் மேல்பகுதியில்தான். ஆகவே இது வயிற்றைச் சின்னதாக்குவதோடு முடிகிற வேலை அல்ல.

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வின் 2020 முடிவு: அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுள், செய்யாத பருமனானவர்களைவிட 3 வருடம் கூடுதல். சுகருக்கு அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வு: 5 வருடம் கழித்து ஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5%, ஸ்லீவில் 23%, பைபாஸில் (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் அறுவை) 29%.

ஊசிநூல்:
ஸ்வீடன் முடிவோட அடுத்த வரியை விட்டுட்டீங்களே சார். அறுவை செஞ்சவங்களோட ஆயுளும் பொதுமக்களைவிட 5.5 வருஷம் குறைவுன்னு அதிலேயே இருக்கு. தவிர, அதில் முக்கால்வாசிப் பேருக்குச் செஞ்சது இரைப்பையில் பட்டை கட்டுற பழைய அறுவைகள். இன்னைக்கு அதை யாரும் சிபாரிசு பண்றதில்லை. குலுக்கல் முறையில் ஆளைப் பிரிச்ச ஆய்வும் இல்லை.

ஊசிக்கு வாங்க. டிர்செபடைட் (வாரம் ஒரு தடவை போடுற எடைக் குறைப்பு ஊசி) 15 மி.கி., 72 வாரம், சராசரி எடைக் குறைவு 20.9%. 104 கிலோவில் கிட்டத்தட்ட 22 கிலோ. ஸ்லீவில் 25%னு வச்சா 26 கிலோ. நடுவில் நாலு கிலோ. அதுக்காக இரைப்பையை வெட்டிக் குப்பைக்கு அனுப்பணுமா? ஊசி ஒத்துக்கலைன்னா நிறுத்தலாம். வெட்டினது திரும்ப ஒட்டாது.

கணக்குப்பிள்ளை:
அந்த 20.9% சர்மவுன்ட்-1 ஆய்வு. அதில் சுகர்காரர்களைச் சேர்க்கவே இல்லை. சுகர் உள்ளவர்களை வைத்துச் செய்தது சர்மவுன்ட்-2. அதே 15 மி.கி., அதே 72 வாரம், கிடைத்தது 14.7%. இந்தக் கேஸுக்கு 15 கிலோ. நாலு கிலோ வித்தியாசம் இப்போது 11 ஆகிவிட்டது. (சுகர் இருந்தால் அறுவையிலும் எடை கொஞ்சம் குறைவாகவே இறங்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.)

"நிறுத்தலாம்" என்கிறீர்கள். நிறுத்தினால்? செமாக்ளூடைடை (இதே மாதிரி இன்னொரு ஊசி) நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ (டிர்செபடைட்டின் விற்பனைப் பெயர்) இந்தியாவுக்கு வந்தபோது 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 17,500. இதை ஆயுசுக்கும் பெருக்கிப் பாருங்கள்.

ஊசிநூல்:
சர்மவுன்ட்-2 விஷயத்தில் மாட்டிக்கிட்டேன், சரி. விலைக் கணக்கு மட்டும் நிக்காது. செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைக்கும்தான். உள்ளூர்க் கம்பெனி மருந்து வந்தா விலை இறங்கும். அறுவையோட நீங்க ஒப்பிட வேண்டியது அந்த விலையைத்தான்.

கிணற்றுத்தவளை:
ரெண்டு பேரும் எடையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். கேள்வியிலேயே இருக்கிற நெஞ்செரிச்சலை ஒருத்தரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் முடிவு அங்கேதான் இருக்கிறது.

ஸ்லீவ் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வாய் வழியாக ஒரு அளவுக் குழாயை (36 முதல் 40 பிரெஞ்ச், அதாவது 12-13 மி.மீ. தடிமன்) இரைப்பைக்குள் விட்டு, அதை ஒட்டியே ஸ்டேப்ளர் அடித்து வெட்டிக்கொண்டு போவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பழைய பைக்கு விரிந்துகொடுக்கத் தெரியும். இந்தக் குழாய்க்குத் தெரியாது. கீழே வால்வு மூடியே இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அமிலத்துக்கு ஒரே வழி மேலே. பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வில் 10 வருடம் கழித்து எண்டோஸ்கோபி போட்டபோது உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ்காரர்களில் 31%, பைபாஸ்காரர்களில் 7%.

ஆகவே எண்டோஸ்கோபி பார்க்காமல் "ஸ்லீவ்" என்று சொன்னால் அது அவசரம். உணவுக்குழாயில் அரிப்பு, பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது), இதில் ஒன்று இருந்தாலும் பேச்சை பைபாஸுக்குத் திருப்ப வேண்டும். பைபாஸில் மேலே சுமார் 30 மி.லி. பிடிக்கிற சின்னப் பை. அமிலம் பெருவாரியாகச் சுரக்கும் மீதி இரைப்பை தனியே ஒதுங்கிவிடும். சுகருக்கும் அதுதான் ஒரு படி மேல். "மினி பைபாஸ், ஒரே இணைப்பு, சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொன்னால் பித்தநீர் மேலே ஏறுவதைப் பற்றியும் கேளுங்கள்.

பைபாஸும் சும்மா வராது. ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளுக்கு ஆயுசுக்கும் தடை. இணைப்பில் புண் விழும். புகையிலையும் அப்படியே. இனிப்பைக் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. வருடங்கள் கழித்தும் குடல், அறுவையால் வயிற்றுக்குள் உண்டான இடைவெளியில் போய்ச் சிக்கலாம். சாப்பிட்டதும் விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலியை "வாயு" என்று தள்ளக்கூடாது.

ஊசிநூல்:
நன்றி, தவளையாரே. என் கட்சிக்கு ஆள் சேர்ந்தாச்சு. கசிவையும் சொல்லிடறேன். ஸ்லீவில் ஸ்டேப்ளர் வரி நூறில் ஒன்றிரண்டு பேருக்குக் கசியும், அதுவும் பெரும்பாலும் உணவுக்குழாய் சேருற மேல்முனையில். ரெண்டாம் மூணாம் நாளே வீட்டுக்கு அனுப்பிடறாங்க. கசிவு அதுக்கப்புறம்கூட வரும். வயித்து வலி முதல்ல வரணும்னு இல்லை, நாடித்துடிப்பு முந்திக்கும். வீட்டில் ரெண்டு வாரம் காலையும் மாலையும் நாடியை எண்ணி எழுதுங்க. சும்மா உக்கார்ந்திருக்கும்போது 120க்கு மேல போனா, இல்லை காய்ச்சலோட இடது தோள்பட்டை வலிச்சா, அறுவை செஞ்ச இடத்துக்கே ஓடுங்க. தெரு கிளினிக்கில் வாயு மாத்திரை வாங்கி ஒரு நாளைத் தொலைக்காதீங்க.

2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருத்தர் இறந்து, அந்த இடத்தோட உரிமத்தை அரசு நிறுத்தி வச்சது நினைவிருக்கும். அதனால கட்டில், ஏசி அறையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கேளுங்க: அதே கட்டடத்தில் வெண்டிலேட்டரோட ஐசியு இருக்கா? ராத்திரி 2 மணிக்கு மயக்க டாக்டர் இருப்பாரா? கசிஞ்சா எண்டோஸ்கோபியில் ஸ்டென்ட் (கசிவை மூடுற குழாய்) வைக்க ஆள் உண்டா?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்விகள். ஆனால் அவை மோசமான மருத்துவமனைக்கு எதிரான வாதம், அறுவைக்கு எதிரானது அல்ல.

சத்துமாவு:
கத்தி கட்சி, ஊசி கட்சி ரெண்டுக்கும் ஒரு கேள்வி. அறுவைக்கு முன்னும் பின்னும் சமையற்கட்டில் என்ன நடக்குதுன்னு யாராவது பேசுவீங்களா?

முன்னாடி ரெண்டு வாரம் 800-1000 கலோரி டயட். கொழுப்பேறின கல்லீரலோட இடது மடல் இரைப்பை மேல படுத்திருக்கும். அது சுருங்கினாத்தான் சர்ஜன் தூக்கிப் பிடிச்சு வேலை செய்ய முடியும். ஒளிச்சு வச்சு பிரியாணி சாப்பிட்டா மாட்டிக்கிறது நீங்கதான். அந்த ரெண்டு வாரத்தில் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டா சுகர் தடால்னு இறங்கும். டாக்டரைக் கேட்டுக் குறைக்கணும். டபாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரையை அறுவைக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்தணும். இல்லைன்னா சுகர் ரொம்ப ஏறாமலே ரத்தம் அமிலமாகலாம். மீட்டரில் 160 காட்டுறதைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துடுவாங்க.

பின்னாடி: ரெண்டு வாரம் திரவம், ரெண்டு வாரம் மசியல், அப்புறம் மென்மையான சாப்பாடு. ஒரு மடக்கு, ஓய்வு, ஒரு மடக்கு. சாப்பாட்டோட தண்ணி கிடையாது, அரை மணி இடைவெளி. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் கட்டாயம். நம்ம தட்டு தோத்துப்போறது இங்கதான். ஒரு இட்லியில் ரெண்டு கிராம் சுமார்தான், ஒரு முட்டையில் ஆறு. ரெண்டு இட்லியிலேயே வயிறு நிறைஞ்சா மீதி 56 கிராமை எங்க வைப்பீங்க? அதனால முதல் வாய் பனீர், முட்டை, மீன், சுண்டல். இட்லி கடைசி. தோசையும் சப்பாத்தியும் அவசரமா விழுங்கினா மாவு உருண்டையாகி அடைக்கும். முறுக்கும் ஐஸ்கிரீமும் அடைக்காது, வழுக்கிட்டுப் போகும். மூணாம் வருஷம் எடை ஏறுற வழியே அதுதான்.

கால்சியம் சிட்ரேட் 1200-1500 மி.கி. பிரிச்சுப் போடணும், இரும்பு மாத்திரையோட 2 மணி இடைவெளி விட்டு. இரும்பைக் காபியோட முழுங்கினா வீண். பி12, டி ஆயுசுக்கும். நாள்கணக்கில் வாந்தி நிக்கலைன்னா குளுக்கோஸ் ட்ரிப் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் (பி1) ஊசி போடச் சொல்லிக் கேளுங்க. தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏறினா மூளை பாதிக்கும்: கண் அலைபாயும், நடை தள்ளாடும். 38 வயசுங்கிறதால இன்னொண்ணு, முதல் 12-18 மாசம் கர்ப்பம் கூடாது.

இத்தனையையும் இருபது வருஷம் செய்வாங்களா? ஆமான்னா கத்தியைப் பேசுங்க.

கணக்குப்பிள்ளை:
சத்துமாவு சொன்னதில் ஒரு எழுத்தையும் மறுக்கவில்லை. அதோடு பணக் கணக்கு ஒன்றையும் சேர்க்கிறேன். 2022இல் சர்வதேச சங்கங்கள் ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கச் சொல்லிவிட்டன. நம் காப்பீட்டு விதி (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019) இன்னும் 40இல் நிற்கிறது. அல்லது 35உடன் கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதயநோய் மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும். 158 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ 40 என்பது 99.9 கிலோ. அறுவைக்கு முந்தைய டயட்டிலேயே 5 கிலோ போய், 99இல் எடை பார்த்து விண்ணப்பித்தால் முதல் கதவு மூடிவிடும். 104ஐ டயட்டுக்கு முன்பே மருத்துவப் பதிவில் ஏற்றி, முன் அனுமதியும் கேட்டுவிடுங்கள். தூக்கப் பரிசோதனையையும் இப்போதே செய்யுங்கள். மயக்க டாக்டருக்கும் அது வேண்டும், காப்பீட்டுக்கும் வேண்டும்.

ஊசிநூல்:
சரி, என் நிலைப்பாடு: எண்டோஸ்கோபியில் அரிப்பு இருந்தா ஸ்லீவுக்கு என் ஓட்டு கிடையாது, பைபாஸ்னா மறுக்க மாட்டேன். சுத்தமா இருந்தா ஆறு மாசம் ஊசி போட்டுப் பார்க்கட்டும். அறுவை எங்கேயும் ஓடிப்போகாது.

கணக்குப்பிள்ளை:
ஓடிப்போகும். ஆறு மாதத்தில் 95 கிலோவுக்கு வந்தால் பிஎம்ஐ 38. ஏ1சியும் 7க்குக் கீழே வந்துவிட்டால் "கட்டுப்படாத சுகர்" என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். பிறகு ஊசியை நிறுத்தி எடை ஏறும்போது அறுவைச் செலவு முழுக்கக் கைக்காசு.

ஊசிநூல்:
95ல நின்னு, சுகர் 7க்குக் கீழே வந்துட்டா, அப்புறம் அறுவை எதுக்கு சார்?