சேட்டைத் தேடி வந்த கரடி

போன ஆவணிக் கடைசியில் அத்தான், அவருடைய 14 வயது மகன், நான் என்று மூன்று பேர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிற அல்கோன்குயின் பூங்காக் காட்டுக்குள் 3 இரவு தங்கப் போனோம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவிலிருந்து 3 மணித்தியால ஓட்டம். 60ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நிறுத்துகிற முகாம்கள் வேண்டாம், உள்ளே போவோம் என்று அத்தான் ஒரே பிடியாக நின்றார். ஸ்மோக் ஏரியில் கனூ என்கிற துடுப்பு வள்ளத்தை இறக்கி, தெற்கு முனைமட்டும் துடுப்புப் போட்டு, அங்கே வள்ளத்தைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு கால் கிலோமீற்றர் அளவு மேடேறினால் றாகெட் ஏரி.

உள்காட்டுக்குத் தகரப் பேணி, கண்ணாடிப் போத்தல் எதுவும் கொண்டுபோகக் கூடாது, அதனால் ரின் மீன் இல்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், அவ்வளவுதான். உயிர்மீனை இரையாகப் போடவும் தடை, மண்புழுதான். ஆவணியில் ட்ரவுட் மீன் எல்லாம் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும், கரையோரத்தில் கிடைக்காது. ஆனால் பொழுதுபடுகிற நேரம், தண்ணீரில் விழுந்து கிடந்த மரத்தடியில் மருமகன் போட்ட தூண்டிலை ஸ்மோல்மவுத் பாஸ் மீன் ஒன்று கவ்வி இழுத்த இழுவையில் வள்ளமே திரும்பியது! சிவந்த கண், வெண்கல நிறம், 2 தரம் துள்ளி விழுந்தது. பெடியன் போட்ட கூச்சலுக்குத் தூரத்தில் மிதந்த லூன் பறவையும் கத்தத் தொடங்கியது (கனடா ஒரு டொலர் காசில் இருக்கிற அதே பறவை, இரவில் அதன் குரலை முதல்தரம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்).

இருட்டுவதற்குள் 3 மீன். குடலையும் செதிளையும் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தோம். சாப்பாட்டுப் பையைக் கொப்பில் 4 மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டோம், பற்பசைகூட அதற்குள்தான். எல்லாம் சரி, ஆனால் மீன் வெட்டிய கையை நான் போட்டிருந்த சேட்டில் துடைத்து, அதைக் கழுவாமல் கூடாரக் கயிற்றில் போட்டுவிட்டேன்.

இரவு 2 மணி இருக்கும், மூச்சுச் சத்தத்தில் விழிப்பு வந்தது. அத்தானின் குறட்டை என்றுதான் நினைத்தேன். இல்லை, அது துணிக்கு வெளியே, என் தலைமாட்டில், ஒரு முழம்கூடத் தூரமில்லை. ஈரமாக, ஆழமாக, உறிஞ்சி உறிஞ்சி மணந்து பார்க்கிற சத்தம். துணி உள்ளே வளைந்து என் தோளில் பட்டது, பிறகு கயிறு இழுபட்டு கூடாரமே ஒருதரம் சாய்ந்தது. மருமகன் என் கையை இறுக்கிப் பிடித்தான், மூச்சுக்கூட விடவில்லை.

அங்கே இருப்பது கருங்கரடிதான். அதற்கு முன்னால் ஓடவும் கூடாது, செத்தவன்போலக் கிடக்கவும் கூடாது, சத்தம் போடவேண்டும். மிதவை அங்கியோடு வைத்திருந்த விசிலை எடுத்து ஊதினேன், மற்ற இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். டோர்ச் வெளிச்சத்தில் கண்டோம். சேட்டை வாயில் கவ்விக்கொண்டு அது நடந்துபோனது. ஓடவில்லை, நடந்தது.

விடிந்து பார்த்தால் 50 அடி தள்ளிப் பற்றைக்குள் சேட் கிடந்தது. கை இரண்டும் கிழிந்து எச்சில் ஊறி இருந்தது, மஞ்சள் கறை மட்டும் அப்படியே. அன்றே ஏரியின் மறுகரையில் வேறு இடம் பிடித்துக்கொண்டோம், திரும்பி வரும்போது பூங்கா அலுவலகத்திலும் சொல்லிவிட்டு வந்தோம்.

அப்புறம் மீன் வெட்டுகிற உடுப்பென்று ஒன்றை ஒதுக்கிவிட்டேன், பொழுதுபட்டால் அதுவும் சாப்பாட்டுப் பையோடு மேலே போகும். இந்த ஆவணிக்கு 4 இரவு பதிந்தாயிற்று. அத்தான் கொஞ்சம் யோசிக்கிறார். மருமகன் மண்புழு எங்கே வாங்குவது என்று இப்போதே கேட்கிறான்.