புதுத் தொட்டியில மீன் தங்க மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

கேள்வி (பென்னாகரம்):
ரெண்டடி தொட்டி, ஆறு கோல்டு பிஷ். தண்ணி ஊத்தின அன்னைக்கே மீனும் விட்டாச்சு. ஒகேனக்கல் குழாய்த் தண்ணிதான். முதல்ல நல்லாத்தான் நீந்துச்சு. சில நாள் கழிச்சு தண்ணி பால் கலந்தாப்புல ஆச்சு, மேல வந்து வாயைத் திறந்து திறந்து ஒண்ணொண்ணா போகுது. கடைக்காரர் முழுத் தண்ணியையும் மாத்தி, பில்டரையும் குழாய்ல கழுவச் சொன்னார். அதுக்கப்புறம் இன்னும் மோசம். மிச்சம் ரெண்டுதான்.

பதில் (கிருஷ்ணகிரி):
குளோரின் வேலைங்க. வாளியில பிடிச்சு ஒரு நாள் திறந்து வச்சு ஊத்துங்க. இல்லன்னா போர் தண்ணிக்கு மாறிடுங்க.

பதில் (தர்மபுரி):
குளோரின் மட்டும்னா விட்ட அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நாள் கழிச்சு சாகுதுன்னா அம்மோனியா. மீன் கழிவும் மிஞ்சின தீனியும் அழுகி வர்றது. அதை நைட்ரைட்டாவும், அப்புறம் அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா பில்டர் பஞ்சுலதான் குடியேறும். அது முழுசா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உங்க தொட்டியில வந்திருந்த கொஞ்சநஞ்சத்தையும் குழாய்ல கழுவி விட்டுட்டீங்க. முழுசா மாத்தினதுல குளோரினும் சேர்ந்துக்கிச்சு. கடைக்காரங்க எல்லாருக்கும் இதே யோசனைதான் சொல்றாங்க, என்னத்தச் சொல்ல.

இப்ப ரெண்டு நாள் தீனியே போடாதீங்க, சாகாது. தினம் கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க, குளோரின் போக வச்ச தண்ணியா இருக்கணும். ஏர் பம்பு ராத்திரியும் ஓடட்டும். பஞ்சை அலசணும்னா தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க. தெரிஞ்சவங்க வீட்ல பழைய தொட்டி, நோயில்லாம ஓடுதுன்னா அந்தப் பஞ்சுல ஒரு துண்டு வாங்கி உங்க பில்டர்ல வைங்க. இதைவிடச் சீக்கிர வழி கிடையாது.

போர் தண்ணி இப்ப வேணாம். நம்ம பக்கம் உப்பும் காரமும் அதிகம். பிஎச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, ஏற ஏற அதே அம்மோனியா இன்னும் விஷமாகும்.

கேள்வி (பென்னாகரம்):
நன்றிங்கண்ணா. ஆர்ஓ கேன் தண்ணி ஊத்தலாமா? மறுபடி ஆறு மீன் எப்ப விடலாம்?

பதில் (தர்மபுரி):
ஆர்ஓ மட்டும் ஊத்தாதீங்க, தாது இருக்காது, பிஎச் நிலையா நிக்காது. ஆறெல்லாம் அந்தத் தொட்டிக்கு எப்பவுமே ஆகாது. மொத்தமே 55 லிட்டர் சொச்சம்தான், கோல்டு பிஷ் ரெண்டுக்கே நெருக்கம்.

பதில் (கிருஷ்ணகிரி):
அண்ணன் சொல்றது சரிதான், நான் குளோரினோட நின்னுட்டேன். ஒண்ணு சேர்த்துக்கோங்க. நைட்ரைட் ஏறுற சமயத்துல 10 லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு கரைச்சு ஊத்தினா கோல்டு பிஷ் தாங்கும், செவுள் வழியா நைட்ரைட் உள்ள போறது குறையும். அம்மோனியாவுக்கு உப்பு கேட்காது.

கேள்வி (பென்னாகரம்):
பாலக்கோட்டுல சித்தப்பா வீட்ல பழைய தொட்டி இருக்கு. பஞ்சு எடுத்துட்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமே, தாங்குமா?

பதில் (தர்மபுரி):
தாங்கும். அந்தத் தொட்டித் தண்ணியிலயே நனைச்சு, காத்து இருக்கிற மாதிரி டப்பாவுல எடுத்துட்டு வாங்க. வெயில்ல வைக்காதீங்க, காயவும் விடாதீங்க.