புதுப்பிப்பு: அம்மாவுக்கு டோனெபெசில் மாத்திரையை நிறுத்தியபின்

அல்சைமர் மறதிநோயின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பசியே இல்லை, எடையும் குறைகிறது, அந்த நோய்க்குத் தரும் டோனெபெசிலைத் தொடரத்தான் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

நாடித்துடிப்பைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. துடிப்பு நிமிடத்துக்கு 50-க்கும் கீழே இருந்தது. இந்த மருந்து இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடியது, குமட்டலும் வரலாம். மருத்துவர் சட்டென்று நிறுத்தவில்லை (நீங்களும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்). 10 மில்லிகிராமை 5 ஆக்கி, சில வாரங்கள் கவனித்த பிறகே நிறுத்தினார். அதே நோய்க்கான இன்னொரு மருந்தான மெமண்டைன் தொடர்கிறது.

உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மா, இப்போது கரண்டியைக் கண்டதும் வாயைத் திறக்கிறார். எனக்கு அதுவே பெரிது.

எதிர்பாராதது ஒன்று: நிறுத்திய புதிதில் மாலை நேரப் பதற்றம் கூடியது, பிறகு தணிந்துவிட்டது. தணியாவிட்டால் மருந்தை மீண்டும் தொடங்குவது பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.