புதுப்பிப்பு: செர்ரி வேர்ச்செடித் தேர்வில் விட்டுப்போன வைரஸ் சோதனை

முந்தைய இழையில் மரத்தின் உயரம், காய்ப்புக்கு வரும் ஆண்டு இரண்டையும் மட்டும் வைத்து வேர்ச்செடிகளை (நல்ல ரகத்தை மேலே ஒட்டுவதற்கு அடியில் வளர்க்கும் செடிகளை) தரம் பிரித்திருந்தேன். அது போதாது, திருத்துகிறேன்.

செர்ரியைத் தாக்கும் ப்ரூன் ட்வார்ஃப், ப்ரூனஸ் நெக்ராடிக் ரிங்ஸ்பாட் ஆகிய இரு வைரஸ்களும் மகரந்தம் வழியாகவும் பரவுகின்றன. சுத்தமான கன்று நட்டாலும் பூக்கத் தொடங்கியதும் ஆபத்து வரும். ஜெர்மனியின் கீசனில் உருவான கிசெலா 5, 6 வேர்ச்செடிகள் இவற்றைத் தாங்கும். ரஷ்யாவின் கிரிம்ஸ்க் 5, 6 தாங்காது.

ஒரு வேர்ச்செடி தாங்குமா என்று அறியும் சோதனை எளிது. புதுக் கலப்பின வேர்ச்செடியின் தண்டில் நல்ல ரகத்தின் மொட்டு ஒன்றை ஒட்டுங்கள். அதற்குக் கீழே, நோயுள்ள மரத்தின் மொட்டு இரண்டை வையுங்கள். வைரஸ் ஏறாத மொட்டு வைத்த கன்றுகளையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்திலேயே வளர்க்க வேண்டும். தாங்காத வகையில் ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறப் பிசின் கசியும், இலை வெளுத்து முன்கூட்டியே உதிரும், நுனி கருகும். வேர்ச்செடித் திசு தன் செல்களையே கொன்று நோயை அடைக்கப் பார்ப்பதால் ஒட்டுப்பகுதி அறுபடுகிறது. ஒரே பருவத்தில் முடிவெடுக்காதீர்கள், அடுத்த வசந்தத்திலும் பாருங்கள்.

கிசெலா 5-இல் பழம் சிறுத்துப்போவது பற்றி: அதற்குக் காரணம் வைரஸ் அல்ல, காய்ச்சுமை, அதாவது மரம் அளவுக்கு மீறிக் காய்ப்பது. ஒரு பழத்துக்குச் சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இலைப்பரப்பு வேண்டும். குளிர்காலக் கவாத்தில் பூங்கொத்துக் கிளைகளைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று: கிசெலா 5 மும்மயம் (குரோமோசோம் தொகுதி மூன்று கொண்டது), 24 குரோமோசோம். அதனால் பெருக்குவதற்கு விதையை நம்பாதீர்கள். இளந்தண்டுக் குச்சி அல்லது திசு வளர்ப்புதான் வழி.