நாயகன் முடிவான பிறகு கதை யாருடையது? ‘வெக்கை’, ‘அசுரன்’ குறித்து ஒரு கேள்வி

பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடி, ஒரு நூலைப் படித்துப் பேசுவது வழக்கம். இம்முறை நம் பக்கத்துக் கதைகள் திரைப்படமான விதத்தைப் பேசலாம் என்று, பூமணியின் ‘வெக்கை’ நாவலையும் அதைத் தழுவி வெற்றிமாறன் 2019இல் இயக்கிய ‘அசுரன்’ படத்தையும் எடுத்துக்கொண்டோம். பேச்சு பாதியிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. தீராத வழக்கை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

1982இல் வெளிவந்த நாவல், பதின்வயதுச் சிறுவன் சிதம்பரம் தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. அதன் பிறகு தகப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. அவற்றைப் பெரும்பாலும் அந்தப் பையனின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். படத்திலோ தகப்பன் சிவசாமி நடுவில் வந்து நிற்கிறார். பிற்பாதியில் அவருடைய இளமைக்காலம், பஞ்சமி நிலத்துக்கான (ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஆங்கிலேயர் ஆட்சியில் ஒதுக்கப்பட்ட நிலம்) போராட்டம், குடிசைகள் எரிக்கப்படுவது என்று ஒரு முழுக் கதையே விரிகிறது. நாவலில் அது இந்த அளவில் இல்லை.

என் கேள்வி இதுதான். தனுஷ் நடிக்கிறார் என்று ஆனதால்தான் கதை மகனை விட்டுத் தகப்பனிடம் போனதா, அல்லது யார் நடித்திருந்தாலும் திரைப்படம் அப்படித்தான் போயிருக்குமா? படம் வெளியானபோது முப்பத்தாறு வயதே ஆகியிருந்த ஒருவர், வளர்ந்த பிள்ளைகளின் தகப்பனாக வந்தது பொருந்தியதா? ‘அவர் நடித்திருக்கலாம், இவர் நடித்திருக்கலாம்’ என்ற பட்டியல்களைத் தவிர்த்து, காரணத்தோடு எழுதினால் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.

கரிசல் வாசகி, கோவில்பட்டி:

பேட்டை அண்ணாச்சிக்கு வணக்கம். நாயகன் முடிவானதும் கதையின் மையம் இடம்பெயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதை ஒரு குற்றப்பத்திரிகையாக மட்டும் எழுதிவிட வேண்டாம்.

மூத்த மகனைச் சிறையிலிருந்து மீட்பதற்காக, பஞ்சாயத்து விதித்தபடி சிவசாமி வடக்கூரில் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒரு நடிகர் அதைச் செய்திருந்தால் நாம் இரக்கப்பட்டிருப்போம், அவ்வளவுதான். அங்கே விழுவது தனுஷ் என்பதால், ‘இவன் திருப்பி அடிக்கக்கூடியவன், ஏன் அடிக்காமல் இருக்கிறான்’ என்று அரங்கமே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறது. நட்சத்திரத்தின் மேல் நாம் வைத்திருக்கும் எதிர்பார்ப்பையே இயக்குநர் எடுத்து அவமானத்தின் எடையைக் கூட்டுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். நாவலாசிரியரின் கையில் இல்லாத ஒரு கருவி அது.

ஆனால் எதிர்பார்ப்பை எழுப்பிவிட்டால் தீர்த்துவைக்கவும் வேண்டும். சிவசாமி ஆயுதத்தைக் கையில் எடுக்கும் சண்டையில் விசில் பறக்கிறது. அந்த இடத்தில் சிதம்பரம் தகப்பனை வியந்து பார்க்கும் பார்வையாளனாகிவிடுகிறான். கொலை செய்தவன் அவன். அதைச் சுமந்துகொண்டு அலைகிறவனும் அவன். நாவலில் அந்தச் சுமை ஒளிந்திருக்கும் இடத்தில் அடுப்புக் கூட்டிச் சோறு பொங்கும்போதும், எங்கே படுப்பது, எந்தப் பக்கம் நடப்பது என்று யோசிக்கும்போதும் மெல்ல மெல்ல அவன்மேல் இறங்குகிறது. மனிதனைக் கொன்றுவிட்டு வந்த பிள்ளைக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அம்மாவின் நினைப்பு வருகிறது. ‘வெக்கை’யில் எனக்கு மிகப் பிடித்தவை இந்தப் பக்கங்கள்தாம். படத்தின் முற்பாதியில் இதன் சாயல் நன்றாகவே இருக்கிறது, பிற்பாதியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. யாருக்கு இடம் கொடுப்பதற்காக அது போயிற்று என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

வயதைப் பற்றி: இளமைக்காலக் கதை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், இரண்டு வயதையும் தாங்கக்கூடிய ஒருவர்தான் வேண்டும். ஐம்பது வயதுக்காரரை இருபது வயதாகக் காட்டுவதைவிட இது மேல். நரைத்த தாடியைவிட, சற்றே தளர்ந்த அந்த நடையும், மனைவியின் பேச்சுக்கு ஏறெடுத்துப் பார்க்காமல் மறுமொழி சொல்லும் விதமும் எனக்கு நம்பிக்கை தந்தன. பச்சையம்மாளாக வந்த மஞ்சு வாரியரை ‘மலையாள நடிகை’ என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அவர் பிறந்தது நாகர்கோவிலில் என்பதை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம், இருந்தாலும் நடிப்புக்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

குறுக்குத்துறை:

‘யார் நடித்திருந்தாலும் அப்படித்தான் போயிருக்குமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நட்சத்திரம் இல்லாத ஒரு தழுவலோடு ஒப்பிட்டால்தான் இதற்கு விடை கிடைக்கும். அதுவும் நம் ஊர்க்காரர் கதையிலிருந்தே கிடைக்கிறது: புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வேராகக் கொண்டு மகேந்திரன் 1979இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’.

இங்கும் மையம் நகர்ந்திருக்கிறது, இன்னும் சொன்னால் ‘அசுரன்’ நகர்ந்ததைவிடப் பன்மடங்கு அதிகமாக. தாயில்லாப் பிள்ளைகள் வீட்டுக்குச் சிற்றன்னை வருவது என்ற கருவிலிருந்து கிளம்பி, மனைவியை அணு அணுவாக வதைக்கும் ஒரு கணவனின் கதையாக மகேந்திரன் அதை மாற்றினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தும் பார்த்தும் முடிக்கிறவர், ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்று திகைக்கவே செய்வார். எனவே நாயகனுக்காக மட்டுமே கதை மாறுகிறது என்ற வாதம் நிற்காது.

ஆனால் எந்தத் திசையில் நகர்ந்தது என்று பாருங்கள். சுந்தரவடிவேலுவாக நடித்த விஜயனைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் மகேந்திரனுக்கு இல்லை. அவரை ரசிகர்கள் நாயகனாகக் கொண்டாடிய காலம் அல்ல அது. ஆகையால் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு நியாயமான கடந்தகாலமோ, அவன் திருந்தும் காட்சியோ தேவைப்படவில்லை. ஊர் மக்கள் ஆற்றங்கரைக்குக் கூட்டிச் செல்ல, அவன் தண்ணீரில் இறங்கிப் போகிறான்; கரையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். படம் முழுவதும் வெறுத்த ஒருவனுக்காக அந்தக் கடைசி நிமிடத்தில் மனம் பதைக்கிறதே, அதை ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சாதித்திருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். ‘பாவம், அவன் ஏன் அப்படி ஆனான் தெரியுமா’ என்று இருபது நிமிடம் விளக்க வேண்டி வந்திருக்கும்.

கூடுதலாக ஒரு செய்தி. புதுமைப்பித்தனுக்கே திரைப்பட ஆசை உண்டு. பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கி, ‘வசந்தவல்லி’ என்ற படத்தை எடுக்க முனைந்தார். குற்றாலக் குறவஞ்சியின் நாயகி பெயர் அது. வேறென்ன எடுப்பார் திருநெல்வேலிக்காரர்! படம் கைகூடவில்லை. 1948இல் காலமாகிவிட்டார். தம் கதையைத் தாமே படமாக்கியிருந்தால் எதையெல்லாம் மாற்றியிருப்பாரோ, அந்தக் குறும்புக்காரர்.

மேலப்பாளையம் ரசிகர்:

இலக்கியத் தழுவலை மட்டும் பேசுகிறீர்கள். இதே நோய் இரண்டாம் பாகங்களில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். திருநெல்வேலியைக் களமாகக் கொண்ட வணிகப் படங்களில் 2003இல் வந்த ஹரியின் ‘சாமி’யைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. அந்தப் படத்தின் வலிமை ஆறுச்சாமியின் மீசையில் மட்டும் இல்லை. கோட்டா சீனிவாச ராவின் பெருமாள் பிச்சை ஊர்ப் பெரிய மனிதர்போல் சிரித்துக்கொண்டே மிரட்டுவார். அவருக்கு எதிரே நின்றதால்தான் விக்ரம் உயரமாகத் தெரிந்தார். முடிவும் நுட்பமானது. பெருமாள் பிச்சை கொல்லப்பட்டது ஊருக்குத் தெரியாது. அவர் தலைமறைவாகிவிட்டார் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கும்.

இப்படி ஒரு முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, 2018இல் ‘சாமி ஸ்கொயர்’ வந்தது. புவனாவாக நடிக்கவிருந்த திரிஷா விலகிவிட, ஐஸ்வர்யா ராஜேஷ் அந்த வேடத்துக்கு வந்தார். அவர் திறமையான நடிகை. குறை அவரிடம் இல்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து மனத்தில் பதிந்துபோன ஒரு முகத்தை எடுத்துவிட்டு, ‘இதுதான் அதே புவனா’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதோடு ஆறுச்சாமியையும் புவனாவையும் கொன்றுவிட்டு, அவர்களின் மகனாகவும் விக்ரமையே கொண்டுவந்தார்கள். பெருமாள் பிச்சையின் இடத்தில் அவருடைய மகன் இராவணப் பிச்சை. ஆக, முதல் பாகத்திலிருந்து மிச்சமாக வந்து சேர்ந்தது நாயகனின் முகம் ஒன்றுதான். மற்ற அனைத்தும் கழன்றுபோன பிறகு அதை எப்படி இரண்டாம் பாகம் என்பது? பேட்டைவாசி அவர்கள் கேட்ட ‘கதை யாருடையது’ என்ற கேள்விக்கு இந்தப் படம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிடுகிறது.

வண்ணார்பேட்டைப் பெரியவர்:

தம்பிமார்கள் எல்லோரும் நட்சத்திரத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். எதிர்ச் சாட்சியாக 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தை நிறுத்துகிறேன். ம.பொ.சிவஞானம் எழுதிய நூலைக் கொண்டு பி.ஆர். பந்துலு எடுத்தது. நாயகன் சிவாஜி கணேசன். அன்றைக்கு அவரைவிடப் பெரிய நட்சத்திரம் எத்தனை பேர்? அப்படிப்பட்டவர் வ.உ.சி.யாக வந்து, படம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறார். வழக்குரைஞராக நிமிர்ந்து நின்றவர், செக்கிழுத்து உடல் ஒடுங்கி, வரவேற்க ஊர்வலம் எதுவுமின்றிச் சிறைவாசலில் வந்து நிற்கிறார். அங்கே தமக்காகக் காத்திருக்கும் நோயாளி சுப்பிரமணிய சிவா என்பதை அவரால் முதலில் அடையாளம் காணவே முடியவில்லை. டி.கே. சண்முகம் சிவாவாக நடித்தார். அந்தக் காட்சியில் நட்சத்திரம் என்று யாரும் இல்லை. நொறுங்கிப்போன இரண்டு மனிதர்கள்தாம் இருக்கிறார்கள்.

வணிகத்துக்கு விட்டுக்கொடுத்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஜெமினி கணேசன் மாடசாமியாகவும் சாவித்திரி கண்ணம்மாவாகவும் வரும் காதல் பகுதி அதற்காக வந்ததுதான். ஆனால் அந்தச் சர்க்கரையை வ.உ.சி.யின் மேல் தூவாமல் பக்கத்தில் வைத்தார் பந்துலு. படம் அன்று பணம் பார்க்கவில்லை என்பது வேறு வழக்கு. நட்சத்திரம் தன்னைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் மையம் நகராது, தம்பி.

பேட்டைவாசி:

பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. கூட்டத்தில் ஒருவர் எழுப்பிய துணைக்கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ போல, படித்த ஒவ்வொருவர் மனத்திலும் ஆளுக்கொரு முகம் இருக்கும் நாவலுக்கு நடிகர்களைத் தேர்ந்தால், யாரைப் போட்டாலும் பாதிப் பேருக்குப் பிடிக்காதுதானே?

கரிசல் வாசகி, கோவில்பட்டி:

ஆளுக்கொரு முகம் என்று சொல்வதற்கில்லை, அண்ணாச்சி. 1950 முதல் ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோதே மணியம் வரைந்த ஓவியங்கள் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்துவிட்டன. நம் வீட்டுப் பெரியவர்கள் தொடரைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த கட்டுகளில் இருந்ததும் அந்த முகங்கள்தாம். மணி ரத்னத்தின் நடிகர்கள் போட்டியிட்டது நம் கற்பனையோடு மட்டுமல்ல, மணியத்தின் தூரிகையோடும்தான். அப்படிப் பார்த்தால் கார்த்தி தப்பித்துவிட்டார் என்பேன், ஏனென்றால் வந்தியத்தேவனின் வாயாடித்தனத்தை ஓவியத்தில் காட்ட முடியாது. அது நடிப்பவருக்கென்றே மிச்சம் இருந்தது.

எனக்கு அந்தப் படங்களில் உறுத்தியது நடிகர் தேர்வு அல்ல. 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் மணிமேகலையே இல்லை. நாவலின் இறுதியில் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரிந்து, அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். படத்தில் அந்தத் திருப்பத்தையே எடுத்துவிட்டு, ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கு முடி சூட்டிவிட்டார்கள். பூக்குடலையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் எளிய பையன் அரசனாவதை ஐந்து பாகம் காத்திருந்து படித்தவர்களுக்கு இது சிறிய மாற்றம் அல்ல. ஆதித்த கரிகாலன், நந்தினி, அருள்மொழி என்று பெரிய முகங்களுக்கே நேரம் போதாதபோது, முதலில் கழிந்துபோகிறவர்கள் சேந்தன் அமுதன்கள்தாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு யோசனை. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அம்ஷன் குமார் 2003இல் ‘ஒருத்தி’ என்ற பெயரில் படமாக்கினார். ரசிகர் மன்றம் வைத்த நாயகர் யாரும் அதில் இல்லாததால், நீங்கள் கேட்ட கேள்வியை அங்கே வேறு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். ‘கிடை’ சிறியதுதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். படத்தைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் நீங்கள் இப்போதே கிளம்ப வேண்டியிருக்கும்.