கனாயே மினாதோவின் 'கன்ஃபெஷன்ஸ்' படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. 2008இல் ஜப்பானில் வெளிவந்த இந்த நாவலை ஆங்கிலத்தில் இப்போதுதான் முடித்தேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் அத்தியாயம் முழுக்க ஒரு டீச்சர் பேசுவது மட்டுமே. பருவத்தின் கடைசி நாள், பிள்ளைகள் பால் குடித்து முடிக்கிறார்கள், அவர் பேச ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் சொல்வது எதுவும் பக்கத்தில் இல்லை, அவர் பதிலிலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். தன் நான்கு வயது மகள் இறந்ததைக்கூட அதே நிதானமான குரலில் சொல்வார். எனக்கு முதுகு சில்லிட்டது. இதை முதலில் தனிச் சிறுகதையாகத்தான் எழுதினாராம்.

அப்புறம் ஒரு மாணவியின் கடிதம், ஒரு அம்மாவின் டைரி, இரண்டு மாணவப் பையன்கள் தாங்களே சொல்வது என்று ஆள் மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் மறுபடி டீச்சர், இந்த முறை போனில்.

என் சிக்கல் இதுதான். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'ஐ'. ஜப்பானிய மொழியில் 'வதாஷி', 'போகு', 'ஓரே' என்று 'நான்' பல மாதிரி உண்டு. மரியாதை விகுதிகள் வேறு. மூலத்தில் அந்த இரண்டு பையன்களும் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? டீச்சரின் பேச்சு கடைசி வரை மரியாதை நடையிலேயே போகிறதா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டும். ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் ஒரு பத்தியையாவது ஒப்பிட்டுச் சொன்னால் பெரிய உதவி. முடிவை மட்டும் கமெண்டில் உடைத்துவிடாதீர்கள், படிக்காதவர்களும் இருக்கிறார்கள்.